நாலாயிரத்து நூற்று முப்பத்தேழு

வண்டி எண்ணுவதெல்லாம் ஒரு உத்தியோகமா என்று கேட்பவர்களுக்கு அவனிடம் பதில் கிடையாது. பதினான்கு வருடமாக அதைத்தான் செய்கிறான். சாலையோரம் ஒரு மடக்கு முக்காலி, மடியில் ஒரு பலகை, பலகையில் ஐந்து பொத்தான்கள். கார், இருசக்கரம், லாரி, பஸ், மற்றவை. ஒரு வண்டி கடந்தால் ஒரு அமுக்கு. மணிக்கொரு தரம் எண்களைத் தாளில் எழுதிவிட்டுப் பொத்தான்களைப் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும். அந்தத் தாள்கள் எங்கே போகின்றன, அவற்றை வைத்துக்கொண்டு யார் என்ன முடிவெடுக்கிறார்கள் என்று அவன் ஒரு நாளும் விசாரித்ததில்லை. விசாரிக்கிற சுபாவம் இருந்தால் அந்த முக்காலியில் பதினான்கு வருடம் உட்கார்ந்திருக்க முடியாது.

தெருவில் அவனுக்குப் பெயர் ‘கிளிக்’. பொத்தான் போடும் சத்தத்தை வைத்து யாரோ கேலிக்குக் கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் அவனுக்குச் சீக்கிரம் வராது. உள்ளதைச் சொன்னால் சந்தோஷமும் வராது, துக்கமும் வராது. நாள் முழுக்கத் தூசியையும் டயரையும் பார்த்துப் பார்த்து உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது. “உன்னைக் கிள்ளி வச்சா நாளைக்குக் காலைலதான்டா ‘ஆ’ன்னு கத்துவே” என்று அக்கா சொல்லுவாள்.

அந்த வீட்டில் அக்காவும் அவனும்தான். அக்காவுக்குப் பத்தொன்பது வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது கண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இரண்டு வருடம் வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு நாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் கதவைத் திறந்துகொண்டு கிளம்பி, தெருக்கோடியில் இருந்த சலவை நிலையத்துக்குப் போய், வேலை கேட்டு நின்றாள். விடுதிகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிற வேலை. மூலையோடு மூலை சேர்த்து அவள் மடிக்கிற வேகத்துக்குக் கண்ணுள்ளவர்கள் ஈடுகொடுக்க முடியாமல் இரண்டு பேர் வேலையை விட்டே போனார்கள் என்று சலவைக்கார அம்மா பெருமையாகச் சொல்லுவாள். இருபத்தொரு வருடமாக அக்கா அந்த வேலைக்குத் தன்னந்தனியாகப் போய் வருகிறாள். ஒருவர் கையையும் பிடித்ததில்லை. கையைக் கொடுக்க வந்தவர்களை அவள் வாயால் வறுத்து எடுத்திருக்கிறாள்.

அவள் அப்படி நடக்க முடிந்ததற்குத் தெருவும் ஒரு காரணம். இருநூறு வருடத்துக்கு முந்தைய தெரு அது. இரண்டு பக்கமும் வீடுகளின் மாடிகள் வெளியே நீண்டு கல் தூண்களின் மேல் உட்கார்ந்திருக்கும். தூணுக்கும் தூணுக்கும் நடுவே வளைவு. வளைவுகளுக்கு உள்ளே, வீட்டுச் சுவரை ஒட்டி, மழை படாத, வண்டி ஏறாத நடைபாதை. இவர்கள் வீட்டிலிருந்து சலவை நிலையம் வரை இடப்பக்க வரிசையில் முப்பத்து நாலு வளைவுகள். சாலையில் இறங்கவே வேண்டாம். கையை நீட்டினால் சுவர், காலை வைத்தால் சமதளக் கல். ஒரு வளைவின் உச்சியில் கட்டிய வருடம் செதுக்கியிருந்தது. கடைசி இலக்கம் தேய்ந்து போனதால், யார் வீடு மூத்தது என்று இரண்டு குடும்பங்கள் மூன்று தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தன.

அந்தத் தூண் ஒன்றில்தான் சாலைத் துறை அறிவிப்பை ஒட்டியது. சந்தையிலிருந்து ஆற்றுப் பாலத்துக்கு ஊரைச் சுற்றிப் போகிற வண்டிகளை இனி இந்தத் தெரு வழியாக நேரே விடப்போகிறார்கள். ஒருவழிப் பாதை, லாரிகளும் உண்டு. அகலம் போதாததால் இடப்பக்க வரிசையில் பதினோரு அடி எடுக்கப்படும். பதினோரு அடி என்றால் தூண், வளைவு, நடைபாதை, அதன் மேலிருக்கும் மாடி அறைகள் எல்லாம் சேர்ந்தது. வாசற்படியிலிருந்து ஒரு எட்டு வைத்தால் லாரி.

அன்று மாலை அவன் வீட்டுக்கு வந்தபோது அக்கா சமையலறையில் நின்றபடியே கேட்டாள். “ஒட்டியிருக்கிறதைப் படிச்சியா?”

“படிச்சேன்.”

“நம்ம பக்கமா, எதிர்ப்பக்கமா?”

“நம்ம பக்கம்.”

அவள் அடுப்பைத் தணித்தாள். பிறகு, “அப்போ நான் வேலைக்கு எப்படிடா போவேன்?” என்றாள். சண்டைக்குக் கேட்கிற குரல் இல்லை அது. அவன் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான்.

தெரு சும்மா இருக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் தலைமையில் பாதுகாப்புக் குழு ஒன்று முளைத்தது. அவருக்கு இதற்கு முன் எதற்கும் தலைமை தாங்கிப் பழக்கமில்லை. ஆனால் தெருவில் எல்லார் வியாதியும் அவருக்குத் தெரியும் என்பதால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஓய்வுபெற்ற வரலாற்று டீச்சர் செயலாளர். திட்ட அறிக்கை இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். டீச்சர் ஒருவர்தான் அதை முழுக்கப் படித்தவர், அதாவது பின்னிணைப்பு நீங்கலாக. பின்னிணைப்பில் வெறும் அட்டவணைகள்தான் இருந்தன. டீச்சருக்கு ராஜாக்களின் வருடங்களைத் தவிர வேறு எண்கள் என்றால் ஒவ்வாமை.

அறிக்கையில் ஒரு வரியை டீச்சர் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார். இறுதி முடிவுக்கு முன் தெருவில் மூன்று நாள் போக்குவரத்து எண்ணிக்கை எடுக்கப்படும். அந்த எண்ணிக்கையின் அடிப்படையில் தெருவின் தரம் நிர்ணயிக்கப்படும். கேமரா மாட்டி எண்ணியிருக்கலாம். ஆனால் பழமைப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிற தூண்களில் ஆணி அடிக்க அனுமதி கிடையாதாம். இடிக்கப்போகிற தூணில் ஆணி அடிக்கக் கூடாது என்பதற்காக ஆள் வைத்து எண்ண முடிவு செய்தார்கள். ஒப்பந்தம் அவனுடைய கம்பெனிக்கு வந்தது. மேற்பார்வையாளர் போனில் கூப்பிட்டு, “உன் வீட்டுப் பக்கம்தானே, நீயே உக்காந்துடு. படிவத்துல அந்தப் பகுதியில குடியிருக்கீங்களான்னு கேக்கும், இல்லைன்னு போட்டுடு” என்றார். போட்டுவிட்டான்.

செய்தி எப்படியோ குழுவுக்கு எட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மருந்துக்கடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு அவனைக் கூப்பிட்டார்கள். இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே பதினைந்து பேர். அவன் உள்ளே நுழைந்ததும் ரொட்டி வண்டிக்காரர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். சாசர் வைத்த கோப்பையில் தேநீர் வந்தது. அந்தத் தெருவில் அவனுக்கு யாரும் நாற்காலி கொடுத்ததில்லை, சாசரும் கொடுத்ததில்லை. அவனுக்குக் கூச்சமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

“தம்பி, இந்தத் தொழில்லயே ஊறினவர் நீங்கதான்” என்று ஆரம்பித்தார் மருந்துக்கடைக்காரர். ‘கிளிக்’ ஒரே நாளில் தம்பி ஆகியிருந்தான். “எங்களுக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். எண்ணிக்கை கூட இருந்தா நமக்கு நல்லதா, கம்மியா இருந்தா நல்லதா?”

எல்லா முகங்களும் அவன் பக்கம் திரும்பின. தெரியாது என்ற சரியான பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது. நாலே எழுத்து. ஆனால் நாற்காலியும் சாசரும் கொடுத்த மனிதர்களிடம் போய்த் தெரியாது என்று எப்படிச் சொல்வது? ஒரு வாய் தேநீர் குடித்தான். தொண்டையைச் செருமினான்.

“கூட இருக்கணும் சார். ஏற்கனவே நெரிசல்னு காட்டினாத்தான், இன்னும் வண்டிய உள்ள விட யோசிப்பாங்க. போன வருஷம் ஒரு தெருவுல எண்ணினேன். ரொம்பக் கூட வந்துச்சு. அங்க லாரியையே நிறுத்திட்டாங்க.”

அந்தத் தெருவில் லாரியை நிறுத்தியதற்கு வேறு ஆயிரம் காரணம் இருந்திருக்கலாம். அவன் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. எண்ணியதும் உண்மை, லாரி நின்றதும் உண்மை. இரண்டுக்கும் நடுவே முடிச்சைப் போட்டது அந்தச் சாசர்.

“நியாயமாத்தான் படுது” என்றார் டீச்சர்.

“அப்போ தம்பி, அந்தப் பொத்தானைக் கொஞ்சம் தாராளமா அமுக்கிடுங்க” என்றார் யாரோ ஒருவர்.

அங்கே அவனுக்கு ரோஷம் வந்தது. பதினான்கு வருடத்தில் ஒரு பொய் அமுக்கு அமுக்கியதில்லை என்பதுதான் அவனிடம் இருந்த ஒரே பெருமை. “போகாத வண்டிக்கு நான் அமுக்க மாட்டேன். போனா அமுக்குவேன்.”

ரொட்டி வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். “போனாப் போதும்ல? எதுக்குப் போகுது, எத்தனை தடவை போகுதுன்னெல்லாம் கணக்கு இல்லையே?”

“அதெல்லாம் இல்ல. போனாப் போதும்.”

“அப்போ போயிடுவோம்” என்றார் அவர், வெகு சாதாரணமாக. அறையில் எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அக்காவிடம் அவன் இதைச் சொல்லவில்லை. “என்னடா கூட்டத்துல?” என்று கேட்டதற்கு, “பேசினாங்க” என்றான். “பேசத்தான் செய்வாங்க, பாடவா செய்வாங்க” என்று அவள் எரிச்சலோடு போய்விட்டாள்.

எண்ணிக்கை செவ்வாய்க்கிழமை தொடங்கியது. அவனுடைய முக்காலிக்குக் குறித்துக் கொடுத்த இடம் தெருக்கோடி, சலவை நிலையத்துக்கு முன்னால் இருந்த கடைசி வளைவு. பத்தடி தூரத்தில் அக்கா விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். காலை ஏழு மணிக்குமேல் தெரு பாதுகாப்புப் பணியில் இறங்கியது. ரொட்டி வண்டி ஒரு முறை போனது, பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது. மருந்துக்கடைக்காரரின் மருமகன் கார் வந்தது. பல் டாக்டரின் கார் வந்தது. ஏழெட்டு ஸ்கூட்டர்கள். டீச்சருக்கு வண்டி ஓட்டத் தெரியாததால் பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தெருவின் மானத்துக்காகச் சுற்றிச் சுற்றி வந்தார். மொத்தம் இருபது வண்டிகள். முதல் சுற்றில் எல்லாரும் அவனைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். பத்தாவது சுற்றில் தலையை மட்டும் ஆட்டினார்கள். முப்பதாவது சுற்றில் ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. அலுவலகத்துக்குப் போகிறவர்களின் முகம் எல்லாருக்கும் வந்துவிட்டது.

அவன் ஒன்றைக்கூட விடவில்லை, ஒன்றைக்கூடக் கூட்டவில்லை. போனது, அமுக்கினான்.

இரண்டாம் நாள் பதினொரு மணிக்கு அக்கா தேநீர் டம்ளரோடு வெளியே வந்தாள். முக்காலியின் காலைக் காலால் தொட்டுப் பார்த்து, டம்ளரை நீட்டினாள். “ரொட்டி வண்டிக்கு என்னடா வந்துச்சு? நேத்துலேர்ந்து செக்கு மாடு மாதிரி சுத்துது. ஊர்ல அவ்வளவு பசியா?”

“எண்ணும்போது பேசக் கூடாதுக்கா.”

அவள் நின்றாள். ஒரு ஸ்கூட்டர் போனது, அமுக்கினான். மருமகன் கார் போனது, அமுக்கினான். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள். அதற்கப்புறம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து நகராட்சி மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். முழுத் தெருவும் வந்திருந்தது. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தன. அக்கா வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீச்சர் இருபது நிமிடம் பேசினார். வளைவுகளைக் கட்டிய கொத்தர்கள், கல் வந்த வழி, சுண்ணாம்பு அரைத்த விதம் எல்லாம் சொன்னார். கைதட்டினார்கள். சாலைத் துறையிலிருந்து வந்திருந்த பெண் பொறியாளரும் கைதட்டினார். பிறகு தன் கோப்பைத் திறந்தார்.

அவர் கெட்டவர் இல்லை. தொண்டை கட்டியிருந்தது, பாவம். வெந்நீர் குடித்துக் குடித்துப் பேசினார். “நீங்க சொல்றதெல்லாம் சரிதான். பழமைப் பட்டியல்ல இருக்கிற தெருவை நாங்க சாதாரணமாத் தொட முடியாது. ஆனா அறிக்கையோட பின்னிணைப்புல ஒரு விதி இருக்கு. ஒரு நாளைக்கு நாலாயிரம் வண்டிக்கு மேல ஓடுற தெரு, இணைப்புச் சாலைன்னு தரம் மாறிடும். தரம் மாறினா அந்தப் பாதுகாப்பு செல்லாது. உங்க தெருவுல மூணு நாள் சராசரி நாலாயிரத்து நூத்தி முப்பத்தேழு.”

மருந்துக்கடைக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. டீச்சர் அறிக்கையைப் பின்பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினார். ரொட்டி வண்டிக்காரர் மெதுவாகத் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் திட்டுகூட இல்லை. இருபது வண்டி, ஆளுக்கு அறுபது சுற்று, நாளைக்கு ஆயிரத்து இருநூறு. அதைக் கழித்துப் பார்க்க யாருக்கும் காகிதம் தேவைப்படவில்லை.

பொறியாளர் வெந்நீரை ஒரு மிடறு விழுங்கினார். “இந்த எண்ணிக்கையில தப்பு நடந்திருக்குன்னு யாருக்காவது தெரிஞ்சா இப்பவே சொல்லலாம். எழுதிக் கொடுத்தா ரத்து பண்ணிட்டு மறுபடி எண்ணுவோம். இன்னைக்குக் கூட்டம் முடிஞ்சா அவ்வளவுதான், அப்புறம் நான் நினைச்சாலும் முடியாது. தெரிஞ்சவங்க இருக்கீங்களா?”

மருந்துக்கடைக்காரர் எழுந்திருக்கலாம். ஆனால் அரசாங்கக் கணக்கைக் குழப்பினேன் என்று ஒப்புக்கொண்டால் கடை உரிமத்துக்கு ஏதாவது வந்து சேருமோ என்று அவருக்குப் பயம். பல் டாக்டருக்கும் அதே பயம். மற்றவர்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் எழுந்திருந்தால் மட்டும் வேறு யாருடைய சாட்சியும் தேவைப்பட்டிருக்காது. எண்ணியவனே சொன்னால் போதும். நான் இந்தத் தெருக்காரன், படிவத்தில் பொய் எழுதினேன், கூட இருக்கணும் என்று சொன்னவனும் நான்தான். மூன்றே வாக்கியம். வேலை போகும். வேறு ஒன்றும் போகாது.

அவனுக்கு நெஞ்சு படபடக்கவில்லை. அதுதான் அவனுக்கே விசித்திரமாக இருந்தது. பயமாக இருந்திருந்தால் பயத்தை மீறி எழுந்திருக்கலாம். வெட்கமாக இருந்திருந்தால் வெட்கத்தைத் தாங்க முடியாமல் எழுந்திருக்கலாம். ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு வாய் இருக்குமே, அப்படி இருந்தது உடம்பு முழுக்க. யாராவது சொல்லிவிடுவார்கள் என்று காத்திருந்தான். எதிர்ச் சுவரில் ஓட்டம் நின்றுபோன ஒரு மின்விசிறியைப் பார்த்தபடி காத்திருந்தான். பக்கத்தில் அக்கா இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, முதுகு நிமிர்ந்து, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“யாரும் இல்லையா? சரி” என்று பொறியாளர் கோப்பை மூடினார்.

திரும்பி நடக்கும்போது தெருவில் எல்லாரும் சாலைத் துறையைத் திட்டினார்கள். விதியைப் பின்னிணைப்பில் ஒளித்து வைத்த அயோக்கியர்கள் என்றார்கள். கணக்கே மோசடி என்று ஒருவர் சொன்னார். சொன்னவர் மூன்று நாளும் ஸ்கூட்டர் ஓட்டியவர். ஒருவரும் அவனைக் குறைசொல்லவில்லை. குறைசொன்னால் தங்கள் வண்டியையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் அன்றிலிருந்து அவன் மறுபடி ‘கிளிக்’ ஆகிவிட்டான்.

ஆட்கள் வந்து தூண்களில் வெள்ளை வண்ணத்தால் எண் எழுதினார்கள். டீச்சரும் இன்னும் ஆறு பேரும் இடிக்காதே என்று எழுதிய அட்டை பிடித்துக்கொண்டு மூன்று நாள் நின்றார்கள். நாலாம் நாள் மழை. இடிக்கும் வேலை பதினெட்டு நாளில் முடிந்தது. இருநூறு வருடத்துக்குப் பதினெட்டு நாள் தாராளம்தான். மாடி முன்னறைகள் போய், உள்ளறைகளின் பச்சையும் நீலமுமான சுவர்கள் தெருவைப் பார்த்து நின்றன. பிறகு அவற்றின் மேல் சிமெண்ட் பூசினார்கள். சலவைக்கார அம்மாவுக்குக் கடையின் பாதி போய்விட்டதால், எதிர்ப்பக்க வரிசையில் ஒரு காலியிடத்தைப் பிடித்து இயந்திரங்களை மாற்றிக்கொண்டாள். எதிர்ப்பக்க வளைவுகள் அப்படியே இருந்தன. அக்கா அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், மிச்சத்தைத் தனியாக நடந்துவிடுவாள். போய்ச் சேர்வதுதான் பாடு. லாரி விடாமல் வந்தது.

முதல் வாரம் அவள் எப்படிச் சமாளித்தாள் என்று அவனுக்குத் தெரியாது. அவன் வேலைக்குக் காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவான். அவள் கிளம்புவது எட்டுக்கு. இரண்டாம் வாரம் ஒரு நாள் அவள் வலது மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னாச்சு?”

“கதவுல இடிச்சுக்கிட்டேன்.”

கதவு இல்லை, ஸ்கூட்டர் கண்ணாடி என்று மறுநாள் ரொட்டி வண்டிக்காரர் சொன்னார். அரை மணி நேரம் படியில் நின்று காது கொடுத்துப் பார்த்துவிட்டு, சத்தம் ஓய்ந்தது என்று இறங்கினாளாம். விழுந்தவளை அவர்தான் தூக்கியிருக்கிறார். “கையைக் கொடுத்தேன். திட்டுவாங்கன்னு பார்த்தேன். ஒண்ணும் சொல்லாமப் பிடிச்சுக்கிட்டாங்க.” அதைச் சொல்லும்போது அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்கும் அந்த இடத்தில்தான் முதன்முதலாக ஏதோ வலித்தது. எங்கே என்று தெரியவில்லை.

மணிக்கட்டு வீக்கத்தால் பத்து நாள் அவளால் மடிக்க முடியவில்லை. பதினோராம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டிலிருந்து முகத்தை நிமிர்த்தாமலே கேட்டாள். “நாளைக்கு எட்டு மணிக்கு நீ வீட்ல இருக்க முடியுமா?”

அவன் மேற்பார்வையாளரிடம் கெஞ்சி முறையை மாற்றிக்கொண்டான். காலை முறைக்குப் பதில் மத்தியானம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை. நல்ல ஆள், இத்தனை வருடம் ஒரு புகார் இல்லாதவன் என்பதால் மாற்றிக் கொடுத்தார்கள்.

மறுநாள் எட்டு மணிக்கு இருவரும் வாசற்படியில் நின்றார்கள். அவள் தலை வாரி, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். அவன் முழங்கையை நீட்டினான். எப்படிப் பிடிப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை, எப்படிக் கொடுப்பது என்று அவனுக்கும் தெரியவில்லை. ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் இருவரும் அப்படித் தொட்டுக்கொண்டதில்லை. கடைசியில் அவள் அவன் சட்டைக் கையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. காத்திருந்தார்கள்.

“அக்கா” என்றான். “அந்த எண்ணிக்கை…”

“தெரியும்.”

“நான்தான் கூட இருக்கணும்னு…”

“அதுவும் தெரியும். சலவைக் கடையில பேசாத பேச்சா?”

ஒரு லாரி, அதன் பின்னால் இன்னொன்று. வாசற்படி அதிர்ந்தது.

“அப்போ அன்னைக்கே நீ சொல்லியிருக்கலாமே” என்றான். “தப்பு நடந்துச்சுன்னு. உனக்குத்தான் தெரியுமே.”

“சொல்லியிருக்கலாம்.” அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். “அந்தம்மா கேட்டாங்கள்ல, தெரிஞ்சவங்க இருக்கீங்களான்னு. நீ எந்திரிக்கிற சத்தம் கேக்கும்னு உக்காந்திருந்தேன்டா. கூட்டம் கலையுற வரைக்கும் உக்காந்திருந்தேன்.”

வண்டிகளுக்கு நடுவே ஒரு இடைவெளி வந்தது. “இப்போ” என்றான். இறங்கி, அவள் நடைக்கு ஏற்ற மாதிரி நடந்து, எதிர்ப்பக்கம் சேர்ந்தார்கள். அங்கே முதல் தூண் கைக்குத் தட்டுப்பட்டதும் அவள் அவன் சட்டையை விட்டாள். கசங்கிய இடத்தைத் தடவி நேராக்கிவிட்டாள், விரிப்பை நீவுகிற மாதிரி.

“சாயங்காலம் நான் வேலைல இருப்பேன்” என்றான். “ஆறு மணிக்கு எப்படித் தாண்டுவே?”

“இங்கயே வந்து நிப்பேன்” என்றாள் அவள். “யாராவது வருவாங்க.”